கோயில் வாசலில் நின்ற கலியாணம்

சில்வெஸ்ரர் தன்னுடைய வீட்டில் சட்டம் போட்டது ஒரேயொரு முறைதான். அதுவும் ஒரு டிவிடி மெசினுக்கு.

“இந்த மெசினிலை எந்தச் சீடியும் ஓடலாம். அவளின்ரை கலியாணச் சீடி மட்டும் ஓடக்கூடாது. அதைப் பற்றின கதையும் இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது. விளங்கிச்சுதோ?”

“ஓம்,” என்றாள் மனைவி மாக்கிறேற்.

ஒற்றைச் சொல்லில் அவள் ஒத்துக்கொண்ட எந்த விசயமும் இதுவரை சில்வெஸ்ரருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. மனிதன் அந்த இடத்திலேயே உசாராகியிருக்க வேண்டும். முதன்முதலாகச் சட்டம் போட்டவருக்கு அதெல்லாம் எங்கே தோன்றப்போகிறது? மீசையைத் தடவிக்கொண்டு, கிழிந்த வலையைப் பொத்துவதற்குப் போய்விட்டார்.

மெசின் அந்த வீட்டுக்கு வந்த விதத்தையும் சொல்லவேண்டும். சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, யாழ்ப்பாணத்துக் கடைகளில் சீனத்துச் சாமான் குவிந்த காலம் அது. அவர்களுடைய தீவு ஊரான நாரந்தனையில் ஒவ்வொரு வீடாக டிவிடி வரத் தொடங்கியிருந்தது. சில்வெஸ்ரர் அதைக் கவனிக்காதவர்போலத் திரிந்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாக்கிறேற் தானாகவே கதையை எடுத்தாள்.

“பக்கத்திலை றோசம்மா வீட்டிலையும் டிவிடி வாங்கியாச்சு. எங்களுக்கு உது வேண்டாமப்பா.”

“ஏன் வேண்டாம்?”

“உங்களுக்கு உது விளங்காது. கனக்கப் பொத்தான் இருக்கு.”

“எனக்கோ? வள்ளத்து இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுறவன் நான்.”

“இஞ்சின் வேறை, உது வேறை. விடுங்கோ. இன்னும் கொஞ்சம் சொதி விடட்டே?”

அடுத்தநாள் காலையிலேயே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனார். பின்னேரம் மடியில் ஒரு பெட்டியோடு வேலணையைத் தாண்டி வந்து இறங்கினார். கடையில் இருந்ததற்குள் மலிவான மெசின் அது. பெட்டியில் போட்டிருந்த பெயர் ஏதோ பெரிய கொம்பனியின் பெயர்போலவே இருந்தது. ஓரெழுத்து மட்டும் வழுக்கியிருந்தது. மாக்கிறேற் வேண்டாம் என்று சொல்லித்தான் அந்த வீட்டுக்கு அலுமாரி வந்தது, தையல் மெசின் வந்தது, குசினிக்கு ஓடு வந்தது. டிவிடியும் அந்த வழியாலேயே வந்து சேர்ந்தது.

மெசினைப் பூட்டி, ரீவியில் நீல நிறம் வந்த பிறகுதான் அவள் அலுமாரியைத் திறந்தாள். சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு சீடிப் பெட்டியை எடுத்து நீட்டினாள். மேலே பிரான்சில் எடுத்த படம். வெள்ளைக் கவுணில் மகள் ஜெயந்தா. பக்கத்தில் கோட்டுப் போட்ட பெடியன்.

“இது எப்ப வந்தது?”

“அது வந்து கன நாள். போட்டுப் பாக்க மெசின் இல்லாமல் சும்மா கிடந்தது.”

தான் எதற்காக யாழ்ப்பாணம் போய்வந்தோம் என்பது சில்வெஸ்ரருக்கு அந்த நிமிசம்தான் தெரிந்தது. உடனே சட்டம் பிறந்தது.

மகளில் அவருக்குக் கோபம். மாப்பிள்ளை பிரதாபன் வேலணைப் பெடியன். வயல் செய்கிற கமக்காரக் குடும்பம், சைவம். இவர்கள் கடல்தொழில், கத்தோலிக்கம். அதற்காகத்தான் கோபம் என்று ஊர் நினைத்தது. ஊர் நினைத்தது பிழை. இருவரும் அங்கே பங்குச் சாமியாரிடம் அனுமதி எடுத்துக் கோயிலில் முறையாகக் கைப்பிடித்தவர்கள். பெடியனும் நல்லவன் என்று கேள்வி. சில்வெஸ்ரருடைய கோபம் வேறு இடத்தில் இருந்தது. ‘அப்பா, எனக்கு இன்ன திகதியிலை கலியாணம்’ என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். சொன்னாள், கேட்கவில்லை.

கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். கேட்டால் எப்படி நடப்பதென்றுகூட யோசித்து வைத்திருந்தார். முதலில் ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது. பிறகு வேலணைக்குப் போய்ப் பெடியனுடைய ஆட்களைப் பற்றி விசாரிப்பது. கொஞ்ச நாள் இழுத்து, மாக்கிறேற் கண்ணைக் கசக்குகிற கட்டத்தில் பெரிய மனது பண்ணி ‘ஓம்’ சொல்வது. அவ்வளவு ஆயத்தமும் வீணாய்ப் போனது.

“நீங்கள் போகவே போறியள்? எங்களுக்கு விசா தரமாட்டாங்கள் எண்டு அவளுக்குத் தெரியுந்தானே,” என்று மாக்கிறேற் அப்போது சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

“போறதுக்குத்தான் விசா வேணும். கேக்கிறதுக்கும் விசா வேணுமோ?”

உண்மையில் அந்தக் கேள்வி அவளுக்கும் நொந்தது. பெற்ற தகப்பனுக்குக் கடைசியாக மிஞ்சியிருந்த மரியாதை அந்த ஒரு கேள்விதான். பிள்ளை அதை அவசரத்தில் மறந்துபோனாள் என்று அவளும் நினைத்தாள். ஆனால் தாய் மனது நினைத்ததோடு நிற்குமா?

அன்றிலிருந்து சில்வெஸ்ரர் மகளோடு கதைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு றோசம்மா வீட்டுத் தொலைபேசிக்கு ஜெயந்தா எடுப்பாள். மாக்கிறேற் ஓடிப்போவாள். அப்பா எங்கை என்று மகள் கேட்பாள். அப்பா கடலுக்குப் போயிட்டார் என்று தாய் சொல்வாள். நாரந்தனையில் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் கடலுக்குப் போவதில்லை என்பது பிரான்சில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, “சரி அம்மா, வந்தாப்போலை சொல்லுங்கோ,” என்பாள். அந்தப் பொய்யை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது சொல்லாமல் விடவேண்டும். மாக்கிறேற்றுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இதற்கிடையில் சில்வெஸ்ரருக்கு மெசினில் பாசம் வந்துவிட்டது. மலிவுச் சாமான் என்று யாரும் இளப்பமாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அது எதையும் சாப்பிட்டது. கீறல் விழுந்த சீடி, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே தட்டாகக் கிடந்த சீடி, பிள்ளைகள் முற்றத்தில் உருட்டி விளையாடிய சீடி எல்லாவற்றையும் உள்ளே இழுத்து, கடகடவென்று அரைத்து, படமாக்கித் தந்தது. திறக்கும்போது மட்டும் இடது பக்கத்தில் ஒரு தட்டு வேண்டும். அதுவும் கோபமில்லாத தட்டாக இருக்கவேண்டும்.

ஊரில் அதே மெசின் வாங்கினவர்கள் பலர். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். றோசம்மாவின் மெசின் கோயில் மணி அடித்தால் தானாகவே நாக்கை வெளியே நீட்டும். அதுக்கும் பக்தி இருக்கு என்று அவள் சொல்லிக்கொள்வாள். மெசின் வருத்தங்களுக்கு ஊர் சில்வெஸ்ரரைத் தேடி வரத் தொடங்கியது.

“அண்ணை, எங்கடை மெசின் சத்தம் மட்டுந்தான் தருது. படத்தைக் காணேல்லை.”

“மேலை என்ன வைச்சிருக்கிறியள்?”

“மாதா சுரூபம்.”

“அவவைத் தூக்கி அலுமாரியிலை வையுங்கோ. மெசினுக்கு மூச்சு முட்டுது.”

சொன்னபடி செய்தால் படம் வரும். ஒரு வீட்டில் வராவிட்டால், கரண்டில் பிழை என்று சொல்லிவிடுவார். இப்படியாக வெளியில் மதிப்பும் வீட்டுக்குள் சட்டமுமாக அவருடைய நாட்கள் நன்றாகத்தான் ஓடின, அந்தச் சோளகக் காற்று அடிக்கிறவரைக்கும்.

ஒருநாள் பின்னேரம் வலை விடப் போனவர், காற்றுக் கடுமையென்று பாதியில் திரும்பி வந்தார். வீட்டு வேலியடியில் கால் நின்றுபோனது. யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளேயிருந்து கோயில் பாட்டுச் சத்தம் வந்தது.

வெளிநாட்டிலிருந்து கலியாணச் சீடி வந்தால், அது வந்த வீடு சொந்தக்காரரைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும். அது தீவுப்பகுதியில் யாரும் எழுதிவைக்காத ஒழுங்கு. சும்மா காட்ட முடியாது, பலகாரம் சுடவேண்டும். வருகிறவர்களும் சும்மா வரமாட்டார்கள். கலியாண வீட்டுக்குப் போகிற சேலையை உடுத்து, பூ வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஆக, சில்வெஸ்ரருடைய வீட்டில் அன்று அவருடைய மகளின் கலியாணம் நடந்துகொண்டிருந்தது. பட்டுச்சேலைகளும் பயற்றம் பணியாரமும் வந்திருந்தன. பெண்ணைப் பெற்றவர் வேலிக்கு வெளியே நின்றார்.

உள்ளே போய்ச் சட்டத்தை நிலைநாட்டலாம். ஆனால் போனால் ரீவி கண்ணில் படும். சட்டத்தை உடைத்த முதல் ஆளாகத் தானே ஆகிவிடுவார். அதனால் ஓலைவேலியோடு ஒட்டிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தார்.

“என்ன வடிவான நடை, பாருங்கோவன்,” என்றது ஒரு குரல்.

பிறகு சத்தமில்லை. அத்தனை பெண்கள் கூடின இடத்தில் ஒருவரும் கதைக்காமல் இருப்பது லேசான காரியமில்லை. கடைசியில் றோசம்மாவின் குரல் மெதுவாகக் கேட்டது.

“பாவம் பிள்ளை.”

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். சில்வெஸ்ரர் வந்த வழியே கடற்கரைக்குத் திரும்பிப் போய், வழக்கமாக வருகிற நேரம்வரை அங்கேயே குந்தியிருந்துவிட்டு வந்தார். வந்ததும் மெசினின் மேல் கையை வைத்தார்.

“என்ன, மெசின் சுடுகுது?”

“வெயில்தானே.”

“வெயில் இந்தப் பக்கம் வாறேல்லை.”

“அப்ப காய்ச்சலாக்கும்,” என்று சொல்லிவிட்டு மாக்கிறேற் அவருக்கு முன்னால் ஒரு தட்டுப் பணியாரத்தை வைத்தாள். அவரும் ஏனென்று கேளாமல் சாப்பிட்டார்.

ஆனால் அந்த ‘பாவம் பிள்ளை’ மீன்முள்ளுப்போலத் தொண்டையில் நின்றுவிட்டது. ஏன் பாவம்? கலியாணப் பிள்ளையைப் பார்த்து யார் பாவம் என்று சொல்வார்கள்? யோசிக்க யோசிக்க ஒரேயொரு காரணம்தான் வந்தது. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போவது தகப்பன். தகப்பன் இல்லாவிட்டால் தாய்மாமன். ஜெயந்தாவுக்குப் பிரான்சில் தாய்மாமன் ஒருவன் இருந்தான். மாக்கிறேற்றின் தம்பி சவிரிமுத்து.

சவிரிமுத்து வெளிநாடு போகிற அவசரத்தில், தனக்கும் சில்வெஸ்ரருக்கும் பங்கான வள்ளத்து இஞ்சினை விற்றுவிட்டுப் போனவன். காசில் பாதியை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுத்தான் போனான். சில்வெஸ்ரருக்கு அது முக்கியமில்லை. கேளாமல் விற்றான். கேளாமல் இஞ்சினை விற்றவன், கேளாமல் என் பிள்ளையின் கையையும் பிடித்தானோ? எவனாவது பிடித்திருக்கட்டும், சவிரிமுத்து மட்டும் பிடித்திருக்கக்கூடாது என்று மனது அடித்துக்கொண்டது.

சட்டம் போட்டவர் வீட்டில் கேட்கமுடியாது. வேலிக்கு மேலால் றோசம்மாவிடம் நூல் விட்டுப் பார்த்தார்.

“றோசம்மா, உன்ரை கண் இப்ப எப்பிடி?”

“ஏனண்ணை?”

“இல்லை, ரீவி பாத்தால் கண்ணுக்குக் கூடாது எண்டு சொல்லுறாங்கள்.”

“நான் எங்கையண்ணை ரீவி பாக்கிறன்.”

“பொதுவா ஒண்டு கேக்கிறன். பிரான்சிலை கலியாணம் நடந்தால், தேப்பன் இல்லாத பிள்ளையளைக் கோயிலுக்குள்ளை ஆர் கூட்டிக்கொண்டு போறது?”

“தேப்பன் இல்லாத பிள்ளை ஆரண்ணை?”

றோசம்மா பின்னிக்கொண்டிருந்த கிடுகைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நாலடி போனவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“அதைப் பற்றி ஒரு கதையும் கதைக்கக்கூடாதெண்டு மாக்கிறேற் அக்கா எங்களுக்கும் சொன்னவ. உங்கடை சட்டமாம்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சில்வெஸ்ரர் வாயால் மட்டுமல்ல, சட்டத்தாலும் கெட்டார்.

அப்போதுதான் அவருக்குள் ஒரு திட்டம் உருவானது. அதற்கு ஏற்றாற்போல, சாட்டி மாதா கோயில் திருநாள் வந்தது. போகிறவர்கள் காலையில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். மாக்கிறேற் வெளிக்கிட்டு நின்றாள்.

“நீங்கள் வரேல்லையோ?”

“முதுகு பிடிச்சுப் போச்சு. நீர் போயிட்டு வாரும்.”

“ஐயோ, அப்ப நானும் நிக்கட்டே?”

“வேண்டாம், வேண்டாம். எனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தும்.”

“சரி. உங்கடை சேட்டெல்லாம் மடிச்சு அலுமாரியிலை வைச்சிருக்கிறன். தேவையெண்டால் எடுங்கோ,” என்றுவிட்டு அவள் போனாள்.

முதுகு பிடித்துப் படுத்திருக்கிறவருக்குச் சேட்டு எதற்கு? அதையும் அவர் யோசிக்கவில்லை. பஸ்ஸின் சத்தம் ஓய்ந்ததும் அலுமாரியைத் திறந்தார். சேட்டு அடுக்கின் மேலேயே சீடி இருந்தது. தேடுகிற பொருள் இவ்வளவு லேசாகக் கிடைத்தால் மனிதன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கவேண்டும். சில்வெஸ்ரர் தன்னுடைய கெட்டித்தனத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டு, கதவைப் பூட்டி, மெசினுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.

படம் ஓடியது. ஜெயந்தா யன்னலடியில் இருந்தாள். யாரோ தலை வாரிவிட்டார்கள். ஊரைவிட்டுப் போகும்போது மெலிந்த பிள்ளை. இப்போது கன்னம் வைத்திருந்தது. சிரிக்கும்போது மட்டும் பழைய ஜெயந்தாதான். சில்வெஸ்ரருக்கு அழுகை வந்தது. கோபத்தைக் கொஞ்ச நேரம் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு அழுதார். “சாப்பிட்டியோ பிள்ளை?” என்று ரீவியிடம் கேட்டார்.

பிறகு கார் வந்தது. கோயில் வந்தது. கதவைத் திறந்து பிள்ளை இறங்கினாள். கவுணைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தாள். வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோட்டுக் கை தெரிந்தது. சில்வெஸ்ரர் கதிரை நுனிக்கு வந்தார். அந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து, நின்றுபோனது. மெசின் தொண்டையைச் செருமியது. அடுத்தமுறை படம் வந்தபோது மண்டபத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பப் போட்டார். திரும்பவும் கால், படி, கோட்டுக் கை, சதுரம், கேக். சீடியை எடுத்துச் சாரத்தால் துடைத்தார். தேங்காயெண்ணெய் தொட்டுப் பூசிப் பார்த்தார். எண்ணெயைப் போக்கச் சவுக்காரம் போட்டுக் கழுவினார். மெசினுக்கு இடது பக்கம் தட்டினார், வலது பக்கமும் தட்டினார். தேத்தண்ணிக் கறையையே சாப்பிட்ட மெசின், இந்த ஒரு வாயை மட்டும் விழுங்கமாட்டேன் என்று நின்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது சீடியில் ஒரு கீறல் தெரிந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. பிரான்சிலிருந்து வந்த வழியில் எங்கேயோ பட்டுவிட்டது என்று நினைத்தார். ஊர் மெசினெல்லாம் திருத்தினவருக்குத் தன் பிள்ளை கோயிலுக்குள் போனதைப் பார்க்கமுடியவில்லை.

பொழுதுபட மாக்கிறேற் ஒரு சரை கச்சான் கடலையோடு வந்து சேர்ந்தாள்.

“முதுகு எப்பிடி?”

“பறவாயில்லை.”

“வீடெல்லாம் சவுக்கார மணமாக் கிடக்கு.”

“கை கழுவினனான்.”

“நல்லது,” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சில்வெஸ்ரர் கடலிலும் அந்தக் கறுப்புக் கோட்டைத்தான் கண்டார். விடவேண்டிய இடத்தில் வலையை விடாமல், வேறு இடத்தில் விட்டுவிட்டு வெறும் வலையோடு வந்தார். பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்க, இவர் வாசலிலிருந்து பீடம்வரை எத்தனை வரிசை மரவாங்கு இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தூரம் தான் நடந்திருக்கவேண்டிய தூரம். கேட்டாளா சொன்னாளா என்பதெல்லாம் மெதுமெதுவாகக் கரைந்து, அந்தத் தூரம் மட்டும் மனதில் கிடந்தது. கோபத்தைப் பிடித்துவைத்திருப்பதும் ஒரு வேலைதான். அதில் கை ஓய்ந்தபோதுதான் அவருக்கு அது தெரிந்தது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் குசினி வாசலில் வந்து நின்றார். மாக்கிறேற் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாரும், ஒரு கதைக்குக் கேக்கிறன். உம்மடை தம்பியிட்டைக் கோட்டு இருக்கோ?”

“என்ன கோட்டு?”

“கறுப்புக் கோட்டு.”

“பிரான்சிலை குளிருக்கு எல்லாரிட்டையும் கோட்டு இருக்கும்.”

“குளிர்க் கோட்டில்லை. கலியாண வீட்டுக் கோட்டு.”

“ஆரின்ரை கலியாணம்?”

சில்வெஸ்ரர் கூரையைப் பார்த்தார்.

“அதைப் பற்றின கதை இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது எண்டது நீங்கள்,” என்றாள் அவள்.

“சட்டத்தை மாத்தலாம்தானே.”

“போட்டவர் மாத்தலாம். ஆனால் நான் சொல்லமாட்டன். கோயிலுக்குள்ளை நடந்தது பிள்ளை. தெரியவேணுமெண்டால் பிள்ளையிட்டைக் கேளுங்கோ. ஞாயிற்றுக்கிழமை எடுப்பாள்.”

“நான் அவளிட்டைக் கேக்கிறதோ? அவள் என்னட்டைக் கேட்டவளோ?”

“இல்லை. அது எப்பிடி இருந்ததெண்டு உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் அப்பிடி இருக்கவேணுமோ?”

அவள் மீனின் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாக்கிறேற் ஓடவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சில்வெஸ்ரர் செருப்பைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். அவரைத் தன் வீட்டுக்குள் கண்டதும் றோசம்மா ஒன்றும் கேளாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். சேலைத் தலைப்பு வெளியே தெரிந்தது.

மணி அடித்தது.

“ஹலோ, அம்மா?”

“அம்மா இல்லை.”

அந்தப் பக்கம் குரல் மெதுவானது. “அப்பாவோ? கடலுக்குப் போகேல்லையோ அப்பா?”

“இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோ.”

“ஓம் அப்பா.”

சில்வெஸ்ரர் கதிரையில் உட்கார்ந்தார்.

“உங்கை குளிரோ?”

“சரியான குளிர் அப்பா.”

“கோட்டுப் போட்டுக்கொண்டு திரி.” கோட்டு என்ற சொல் அவரையே குத்தியது. “பிள்ளை, நான் ஒண்டு கேக்கவேணும். கோயிலுக்குள்ளை உன்னை ஆர் கூட்டிக்கொண்டு போனது?”

“ஒருத்தரும் இல்லை அப்பா.”

“ஒருத்தரும் இல்லையோ?”

“மாமா புதுக்கோட்டுத் தைச்சுப் போட்டுக்கொண்டு வந்து நிண்டவர். நான் வேண்டாமெண்டிட்டன். அது அப்பான்ரை இடம், சும்மா கிடக்கட்டும் எண்டு சொன்னனான். தனியத்தான் நடந்தனான். நீங்கள் பிடிச்சிருக்கிற மாதிரிக் கையை மடிச்சுக்கொண்டு.”

குசினிக் கதவுக்குப் பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“அப்ப வாசலிலை நிண்ட அந்தக் கறுப்புக் கோட்டு?”

“எந்தக் கோட்டு? ஓ, அது வீடியோவுக்கு லைற் பிடிச்ச பெடியன்.” சொல்லிக்கொண்டு போனவள் நிறுத்தினாள். “அப்பா, நீங்கள் சீடி பாத்தனீங்களோ?”

“கொஞ்சம்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் உடைந்தது.

“நீங்கள் வேண்டாமெண்டு சொல்லிப்போடுவியள் எண்ட பயத்திலைதான் கேக்காமல் விட்டனான் அப்பா. கேட்டிருக்கவேணும்.”

வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்று சில்வெஸ்ரர் யோசித்தார். கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பார். அந்தப் பேசாமை பிரான்சில் எப்படிக் கேட்டிருக்கும் என்று இவ்வளவு நாளும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

“ஓமெண்டுதான் சொல்லியிருப்பன்,” என்றார். பிறகு உண்மையையும் சேர்த்தார். “கொஞ்ச நாள் இழுத்திருப்பன்.”

அதன்பிறகு கதை மருமகன், மீன், காற்று என்று எங்கெல்லாமோ போனது. தொலைபேசி அட்டையில் காசு முடிகிறது என்று மகள் சொல்லும்வரை அவர் தொலைபேசியை வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாக்கிறேற் கீரையை முடித்துவிட்டுத் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தாள்.

“தனியத்தான் நடந்தவளாம்,” என்றார் அவர்.

“ஓமோ?”

“உமக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன செய்யிறது? உங்களுக்கு அவள் சொல்லவேணும்.”

சில்வெஸ்ரர் தேத்தண்ணியை முழுதாகக் குடித்து முடித்தார். ஒரு சட்டத்தை எடுப்பதற்கும் கொஞ்சம் மரியாதையான நேரம் வேண்டும்.

“சரி, சீடியைப் போடும். அந்த ஒரு இடம் ஓடாது. மிச்சத்தையெண்டாலும் சேர்ந்து பாப்பம்.”

அந்த இடம் ஓடாது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவ்வளவு பெருந்தன்மை. அலுமாரிக்குப் போய்ச் சீடியை எடுத்து வந்து, மெசினின் இடது பக்கத்தில் கோபமில்லாமல் ஒரு தட்டுத் தட்டினாள்.

கார் வந்தது. பிள்ளை இறங்கினாள். படியில் கால் வைத்தாள். லைற் பிடித்த பெடியனின் கோட்டுக் கை தெரிந்து மறைந்தது. பிள்ளை கோயிலுக்குள் நடந்தாள். பக்கத்தில் ஒருவருமில்லை. ஒரு கை பூங்கொத்தைப் பிடித்திருந்தது. மற்றக் கை யாரையோ கோத்திருக்கிறதுபோல மடிந்திருந்தது. முழுத் தூரமும் அவள் அப்படியே நடந்தாள். சில்வெஸ்ரர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் போய்ச் சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். இரண்டாவது வாங்கடியில் சவிரிமுத்து புதுக்கோட்டோடு, என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

“கோட்டு அவனுக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

மாக்கிறேற் தலையை ஆட்டினாள். பீடத்தடியில் பாட்டுத் தொடங்கியது. அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

“இஞ்சாரும், வாசலடியிலை நிக்கிற சீடி எல்லோ இது? இப்ப எப்பிடி நிக்காமல் ஓடினது?”

அவள் ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பிள்ளை ரெண்டு அனுப்பினவள். இதை நான் சுரண்டேல்லை.”